நம்மூர் தடுப்பூசி அட்டை அங்கே செல்லுமா? கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க் பல்கலைக்கழக வழிகாட்டல்கள்: ஒரு மதிப்பீடு

2006 வாக்கில் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். மடிப்பு கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பேபி ஆஃப் செல்வி’ என்று எழுதியிருக்கும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு மருந்து, முத்தடுப்பு ஊசி மூன்று தவணை, ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ஒன்றரை வயதில் ஒரு பூஸ்டர், ஐந்து வயதில் ஒன்று. நம் கணக்கில் இது ஒழுங்காக ஊசி போட்டு வளர்த்த பிள்ளை. அதே அட்டையை அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் இணையதளத்தில் ஏற்றினால் பெரும்பாலான கட்டங்கள் நிரம்பாமலே நிற்கும். அதைச் சரிசெய்யும்வரை பாடப் பதிவை நிறுத்தி வைப்பது அங்கே சாதாரண நடைமுறை.

தப்பு பிள்ளையிடமும் இல்லை, ஊசி போட்ட செவிலியரிடமும் இல்லை. இரண்டு நாடுகளின் அட்டவணை வேறு. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டு எழுதிய வழிகாட்டல் நல்ல வழிகாட்டல். ஊசியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது அரைகுறை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு, டெக்சஸ் மாநிலம், நியூயார்க் மாநிலம் ஆகிய மூன்றின் விதிகளையும் இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான் இங்கே பார்க்கிறோம். இந்த மூன்று மாநிலங்களிலும் தமிழ் மாணவர்கள் நிறையப் படிக்கிறார்கள். விதிகளும் மூன்று விதமானவை.

முதலில் நியூயார்க். மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 2165-ஆம் பிரிவுப்படி, 1957 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்து, ஒரு பருவத்தில் ஆறு கிரெடிட்டுக்கு (பாடச் சுமையின் அலகு) குறையாமல் படிக்கும் எல்லா மாணவருக்கும் மூன்று நோய்களுக்கான சான்று வேண்டும். தட்டம்மைக்கு இரண்டு தவணை, பொன்னுக்கு வீங்கிக்கு ஒன்று, ருபெல்லாவுக்கு ஒன்று. முதல் தவணை முதல் பிறந்தநாளையொட்டியோ அதற்குப் பின்போ போட்டிருக்க வேண்டும்; நான்கு நாள் முந்தியிருந்தால் பரவாயில்லை. தட்டம்மையின் இரண்டு தவணைகளுக்கும் நடுவே 28 நாள் இடைவெளி வேண்டும். ஊசிச் சான்று இல்லையென்றால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பதைக் காட்டும் பரிசோதனை முடிவையும் ஏற்றுக்கொள்வார்கள். சான்று இல்லாமல் 30 நாள் வரை வகுப்புக்குப் போகலாம். வெளிமாநிலம், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 45 நாள்.

இந்த விதியின் சிறப்பு, அது நோய் நோயாகக் கணக்குப் பார்ப்பது. நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை மேலே சொன்ன அட்டையிலேயே பார்க்கலாம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி முதல் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முந்தியது. அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் செல்லாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடம்பில் அப்போதும் மிச்சமிருக்கும், அது தடுப்பூசியின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். இந்தியாவில் அந்த வயதிலேயே போடுவதற்கும் நியாயம் உண்டு. நோய் அதிகம் புழங்கும் இடத்தில் ஒரு வயது வரை காத்திருப்பது ஆபத்து.

அடுத்து 2017 பிப்ரவரி. தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்கள். பள்ளிக்கூடத்திலேயே போட்டதால் வீட்டு அட்டையில் அது ஏறியிருக்காது. தனியாகக் கொடுத்த சீட்டு பல வீடுகளில் இன்று கிடையாது. கிடைத்தால் அது பொக்கிஷம். தட்டம்மைக்கு ஒரு தவணை, ருபெல்லாவுக்கு ஒரு தவணை அதிலேயே தேறிவிடும். ஆனால் அது எம்ஆர் ஊசி, எம்எம்ஆர் அல்ல. நடுவிலுள்ள அந்த ஓர் ‘எம்’தான் பொன்னுக்கு வீங்கி. இந்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் பொன்னுக்கு வீங்கிக்கு ஊசி இல்லை. அரசு மருத்துவமனையில் மட்டுமே ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைக்கு, அட்டை முழுக்க நிரம்பியிருந்தாலும், அந்த நோய்க்கான எதிர்ப்பு ஊசி வழியாக வந்திருக்க வழியில்லை.

அந்த எம்ஆர் சீட்டு கையில் உள்ள மாணவர் இப்போது ஒரே ஒரு எம்எம்ஆர் போட்டுக்கொண்டால் போதும். தட்டம்மை இரண்டு, பொன்னுக்கு வீங்கி ஒன்று, ருபெல்லா இரண்டு. நியூயார்க் கணக்கு நிறைந்துவிடுகிறது. விதியைப் படிக்கிற யாரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். வழிகாட்டல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

குறை என்னவென்றால், மாநில விதி இந்த மூன்று நோயோடு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. மூளை உறைக் காய்ச்சலுக்கு 2167-ஆம் பிரிவு ஒரு படிவம் தருகிறது. ஐந்து ஆண்டுக்குள் ஊசி போட்டதாகக் காட்டலாம், அல்லது விவரம் படித்தேன், வேண்டாம் என்று கையெழுத்துப் போடலாம். அவசரத்தில் பலரும் படிக்காமலேயே ‘வேண்டாம்’ கட்டத்தில் குறியிட்டுவிடுகிறார்கள். விடுதியில் அறையைப் பகிர்ந்து தங்கப்போகும் 18 வயதுப் பிள்ளை அந்தக் கட்டத்தைத் தொடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏன் என்பதற்கு டெக்சஸ் கதையைச் சொல்ல வேண்டும்.

2008-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மாணவி ஜேமி ஷான்பாமுக்கு, மூளை உறைக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமித் தொற்று வந்தது. உயிர் பிழைத்தார், கால்களையும் விரல்களையும் இழந்தார். அவர் போராடியதால் 2009-இல் விடுதியில் தங்கும் புது மாணவர்களுக்கு ஊசி கட்டாயமானது. 2011-இல் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக மாணவர் நிக்கலஸ் வில்லியம்ஸ் இதே நோயில் இறந்தார். அவர் விடுதியில் தங்கியவரல்ல, வெளியே தங்கிப் படித்தவர். சட்டத்தில் இருந்த ஓட்டை அப்போதுதான் கண்ணில் பட்டது. 2012 ஜனவரி 1 முதல், எங்கே தங்கினாலும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று விரித்தார்கள். முதலில் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு என்றிருந்ததை 2013-இல் திருத்தி 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று மாற்றினார்கள்.

அந்தச் சட்டத்தின் வாசகம் கறாரானது. பருவத்தின் முதல் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் போட்டிருக்க வேண்டும். முதல் நாளுக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகவும் போட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால்தான் இந்தப் பத்து நாள். சான்றில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். ‘ஜூன் 2025’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்க மாட்டார்கள். தக்க காரணம் இருந்தால் ஒரு மாணவருக்கு, முதல் நாளுக்குப் பின் பத்து நாள் வரை அவகாசம் தரும் அதிகாரம் பல்கலைக்கழக அதிகாரிக்கு உண்டு; ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இளங்கலைக்குப் போகிற பிள்ளைக்கு டெக்சஸ் விதி தெளிவானது. ஆனால் நம்மூரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள்; 22 வயதைத் தொட்டவர்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இதைத் தெரிந்துகொள்ளாமல், கட்டாயம் என்று நினைத்து விலை கூடிய இந்த ஊசியைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த தேதியைப் பருவத்தின் முதல் நாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மற்ற ஊசிகளையும் காசநோய்ப் பரிசோதனையையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விருப்பப்படி கேட்கிறது. மாநில விதியை மட்டும் படித்துவிட்டு வேலை முடிந்ததென்று இருக்க முடியாது. வெளிநாட்டு மாணவர் என்ற கண்ணோட்டத்தில் டெக்சஸுக்கு ஐந்துக்கு மூன்றுதான் கொடுக்க முடிகிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு இந்த மூன்றில் முழுமையானது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ என்று எந்த வளாகத்துக்குப் போனாலும் அடிப்படைப் பட்டியல் ஒன்றுதான். எம்எம்ஆர் இரண்டு தவணை, சின்னம்மை இரண்டு தவணை, டிடாப் (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றுக்கும் ஆனது) ஒன்று, 21 வயது வரையுள்ளவர்களுக்கு 16 வயதுக்குப் பின் போட்ட மெனிங்கோகாக்கஸ் ஊசி ஒன்று, கூடவே எல்லாருக்கும் காசநோய் அபாயக் கேள்வித்தாள். இந்தியாவில் பிறந்தவர் என்றாலே அந்தக் கேள்வித்தாளில் அபாயப் பிரிவில் விழுவார். சேர்வதற்கு முந்தைய ஓராண்டுக்குள் செய்த பரிசோதனை வேண்டும்.

மருத்துவமாகப் பார்த்தால் இந்தப் பட்டியலில் குறை சொல்ல ஏதுமில்லை. எங்களுக்குள்ள மனக்குறை, எம்எம்ஆரை அது ஊசியின் பெயரால் எண்ணுவது. நியூயார்க்கில் தேறிய நம் மாணவர், அதாவது 2017-இல் எம்ஆர், இப்போது ஒரு எம்எம்ஆர் போட்டவர், இங்கே பாதியில் நிற்பார். பொன்னுக்கு வீங்கிக்கு இன்னொரு தவணை குறைகிறது. 28 நாள் கழித்து இரண்டாவது எம்எம்ஆர் போட்டால் தீர்ந்தது. கூடுதலாக ஒரு தவணை போடுவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் இந்த விவரம் முன்னமே தெரிந்தால்தானே அந்த 28 நாளுக்கு இடம் விட முடியும்? ‘எம்ஆர் போட்டவர்களுக்கு’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

நம் அட்டையிலுள்ள மற்ற பொறிகளையும் சொல்லிவிடுகிறோம். இவை எந்த மாநிலத்துக்கும் பொது.

பள்ளியில் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் இப்போது போடும் ஊசி டிடி. ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் ஆனது. முன்பு பள்ளியில் போட்டதும், ஆணி குத்தியபோது போட்டதும் வெறும் ரண ஜன்னி ஊசி. பல்கலைக்கழகம் கேட்பது டிடாப். அதில் மூன்றாவதாகக் கக்குவான் இருமலும் அடக்கம். முதல் இரண்டில் எதைக் காட்டினாலும் செல்லாது. டிடாப் தனியார் மருத்துவமனையில் கிடைக்கும். முந்தின டிடி போட்டு எவ்வளவு நாளானாலும் சரி, டிடாப் போட்டுக்கொள்ளலாம். இடைவெளி பார்க்க வேண்டியதில்லை.

‘மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாச்சே’ என்பார்கள். அட்டையை உற்றுப் பார்த்தால் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு நம் மாவட்டங்கள் சிலவற்றில் போடுகிற ஊசியாக இருக்கும். அது கொசுவால் பரவும் வைரஸ்; அமெரிக்கா கேட்பது எச்சில், இருமல், நெருங்கிப் பழகுதல் வழியாகப் பரவும் பாக்டீரியாவுக்கு எதிரானது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மருந்துக் கடையில் கேட்கும்போது ‘மெனிங்கோகாக்கல், ஏ-சி-டபிள்யூ-ஒய், கான்ஜுகேட்’ என்று மூன்று சொல்லையும் சேர்த்துக் கேளுங்கள். பாலிசாக்கரைடு என்ற பழைய வகையும் உண்டு. அதன் பாதுகாப்பு சில ஆண்டுகளிலேயே குறைந்துவிடும். கான்ஜுகேட் என்று குறிப்பிட்டுக் கேட்கும் இடங்களில் அதை ஏற்க மாட்டார்கள். டப்பாவில் எந்த வகை என்று அச்சிட்டிருப்பார்கள். பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சின்னம்மை நம் வீடுகளில் வேறு விதமான சிக்கல். அம்மை போட்டால் வேப்பிலை வைத்து, தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை வீட்டோடு இருப்பார்கள். மருத்துவரிடம் காட்டியிருக்க மாட்டார்கள். நோய் வந்ததற்குச் சான்று ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. இப்படி அம்மை போட்டு எழுந்தவர்கள் ஊசிக்குப் போவதற்கு முன் வேரிசெல்லா ஐஜிஜி ரத்தப் பரிசோதனை (சின்னம்மைக்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்துகொள்வது நல்லது. பெரும்பாலும் பாசிட்டிவ் என்று வரும். அந்த ஒரு தாளே இரண்டு ஊசிக்குச் சமம். ஆனால் அம்மை வராமல், ஊசி மட்டும் போட்டவர்கள் இந்தப் பரிசோதனை பக்கம் போக வேண்டாம். ஊசியால் வரும் எதிர்ப்புச் சக்தியைச் சாதாரண ஆய்வகப் பரிசோதனை பல நேரம் பிடிப்பதில்லை. நெகட்டிவ் என்று வந்த தாளை நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிறகு அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். எம்எம்ஆருக்கும் இதே ஆலோசனைதான்: இரண்டு தவணைக்குத் தேதியோடு சான்று இருந்தால், ரத்தப் பரிசோதனை செய்யாதீர்கள்.

இனி காசநோய்ப் பரிசோதனை. அதிகம் பேர் தடுமாறுவது இதில்தான், வழிகாட்டல்கள் மிகக் குறைவாக விளக்குவதும் இதைத்தான். இரண்டு வகை இருக்கிறது. தோலுக்குள் மருந்து செலுத்தி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பது மான்டூ. நம்மில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பிறந்தவுடன் இடது தோளில் பிசிஜி போட்டிருக்கிறார்கள். அதனாலேயே மான்டூவில் தடிப்பு வரலாம். அமெரிக்காவில் 5 அலகு மருந்தைப் பயன்படுத்தி அளவை மில்லிமீட்டரில் எழுதுவார்கள். நம் ஆய்வகங்களில் மருந்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். முடிவையும் ‘நெகட்டிவ்’ என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மில்லிமீட்டர் இல்லாத மான்டூ தாள் அங்கே வெறும் காகிதம்.

ஆகவே ரத்தப் பரிசோதனைதான் சரி. ஐஜிஆர்ஏ என்பது அதன் பொதுப்பெயர். நம் ஆய்வகங்களில் ‘டிபி கோல்டு’ என்றால் உடனே புரியும். பிசிஜி இதைப் பாதிக்காது. குவான்டிஃபெரான் பிளஸ் வகையில் நான்கு சிறு குழாய்களில் தலா 1 மில்லி ரத்தம் எடுப்பார்கள். குழாயின் உட்சுவரில்தான் பரிசோதனைப் பொருள் பூசியிருக்கும். ரத்தம் அந்தச் சுவர் முழுக்கப் படும்படி ஒவ்வொன்றையும் பத்து முறை குலுக்க வேண்டும். பிறகு 37 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 24 மணி நேரம் வைக்க வேண்டும். குலுக்காமல் விட்டாலோ, ரத்தம் எடுத்தபின் வெகுநேரம் வெளியே கிடந்தாலோ ‘இன்டிடெர்மினேட்’ என்று முடிவு வரும். அது பாசிட்டிவும் அல்ல, நெகட்டிவும் அல்ல. மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். சேகரிப்பு மையத்தில் எடுத்து வேறு ஊருக்கு அனுப்புவதைவிட, பரிசோதனை நடக்கும் முதன்மை ஆய்வகத்துக்கே காலையில் போய்க் கொடுத்தால் இந்தச் சிக்கல் குறையும். முடிவுத் தாளில் எண் மதிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 0.35 என்பது எல்லைக்கோடு.

பாசிட்டிவ் வந்தால் பயந்துவிட வேண்டாம். கிருமி உடம்பில் உறங்கிக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். நோய் இருக்கிறது என்று பொருளல்ல. நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அது சுத்தமாக இருந்து, இருமல், எடை குறைதல், இரவு வியர்வை இல்லையென்றால் படிப்பு தடைபடாது. உறங்கும் கிருமிக்குச் சிகிச்சை எடுக்கச் சொல்வார்கள். வாரம் ஒருமுறை 12 வாரம் மருந்து, அல்லது நான்கு மாதம் தினமும் ரிஃபாம்பிசின். எடுத்துக்கொள்வதே நல்லது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவமனையில் மாணவர்கள் பயந்து மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பரிசோதனையே செய்யாமல் எக்ஸ்ரே மட்டும் எடுத்துக்கொண்டு போவதும் பயனற்றது. எக்ஸ்ரே கேட்பது பாசிட்டிவ் வந்தவர்களிடம் மட்டுமே.

எம்எம்ஆர், சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகள். அவை போட்ட அடுத்த சில வாரங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை முடிவு தவறாக நெகட்டிவ் காட்டக்கூடும். முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அன்று தவறினால், ஊசிக்குப் பின் குறைந்தது நான்கு வாரம் பொறுத்துத்தான் பரிசோதனை. இந்த இரண்டு உயிர் ஊசிகளையும் ஒரே நாளில் போடலாம்; ஒரே நாளில் போடாவிட்டால் நடுவே 28 நாள் விட வேண்டும். இன்று எம்எம்ஆர், அடுத்த வாரம் சின்னம்மை என்று போட்டால் இரண்டாவதாகப் போட்டது கணக்கில் வராது.

ஆகஸ்டில் விமானம் ஏறுகிறவருக்கு எங்கள் கணக்கு இது. மே மாதக் கடைசிக்குள் ஒரு நாள் காலையில் டிபி கோல்டுக்கு ரத்தம். அதே நாள் எம்எம்ஆர், சின்னம்மை, டிடாப், வயதுக்குப் பொருந்தினால் மெனிங்கோகாக்கல். இரண்டு கையிலும் பிரித்து, ஒவ்வோர் ஊசிக்கும் நடுவே ஓரங்குலம் விட்டுப் போடச் சொல்லுங்கள். போட்டதும் 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். இளவயதினர் மயங்கி விழுவது அந்த நேரத்தில்தான். சரியாக 28 நாளுக்குப் பிறகு, பாதுகாப்புக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டு, எம்எம்ஆர், சின்னம்மை இரண்டாம் தவணை. ஹெபடைடிஸ் பி கேட்கிற படிப்பாக இருந்தால் முதல் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் குறைந்தது 16 வாரம் வேண்டும். மூன்றாவதை அங்கே போய்ப் போட வேண்டியிருக்கும். எம்எம்ஆர் போட்டவர்களில் சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். பெண்களுக்கு மூட்டு வலியும் வரலாம். தானே சரியாகும், ஆனால் அந்த நாள் விமானப் பயண நாளாக அமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் இந்த இரண்டு ஊசியையும் போடக் கூடாது. எம்எம்ஆர் போட்ட பின் ஒரு மாதம் வரை கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

எங்கே போடுவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரியவர்களுக்கான எம்எம்ஆர், டிடாப், சின்னம்மை இருக்காது. பொது மருத்துவரைவிடக் குழந்தைகள் நல மருத்துவரின் கிளினிக்கில்தான் இவை நிச்சயமாக இருப்பில் இருக்கும், மாணவர்களுக்கும் போடுவார்கள். முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

பூஸ்டர் பற்றிய வழிகாட்டலில் மூன்று மாநிலமும் சுமார்தான். எம்எம்ஆர் இரண்டு தவணையோடு எல்லாம் முடிந்தது என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். 2015-16 கல்வியாண்டில் அயோவா பல்கலைக்கழகத்தில் பொன்னுக்கு வீங்கி பரவியபோது 20,496 மாணவர்களில் 259 பேருக்கு நோய் வந்தது. கிட்டத்தட்ட எல்லாருமே இரண்டு தவணை போட்டவர்கள். இரண்டாம் தவணை போட்டு 13 ஆண்டு கடந்தவர்களுக்கு அபாயம் பல மடங்கு கூடியிருந்தது. அங்கேயே முகாம் நடத்தி மூன்றாம் தவணை போட்டார்கள். போட்டு 28 நாள் ஆனபோது, இரண்டோடு நின்றவர்களைவிட அபாயம் 78 விழுக்காடு குறைந்திருந்தது. அதன் பிறகுதான், நோய் பரவும் இடத்தில் சுகாதாரத் துறை அடையாளம் காட்டும் குழுவினருக்கு மூன்றாம் தவணை என்ற பரிந்துரை 2017 அக்டோபரில் வந்தது. வளாகத்திலிருந்து அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், ‘நான்தான் போட்டுவிட்டேனே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மெனிங்கோகாக்கஸில் பி வகை தனி. கட்டாயப் பட்டியலில் வரும் நான்கு வகை (ஏ, சி, டபிள்யூ, ஒய்) ஊசி பி-யைத் தடுக்காது. 2013 மார்ச்சில் பிரின்ஸ்டனில் தொடங்கிய பரவலில் ஓராண்டில் ஒன்பது பேருக்கு நோய் வந்தது. அவர்களோடு பழகிய வேறு பல்கலைக்கழக மாணவி ஒருவர் இறந்தார். அப்போது அமெரிக்காவில் பி வகைக்கு உரிமம் பெற்ற ஊசியே இல்லை; சிறப்பு அனுமதியோடு வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் போட்டார்கள். முதல் ஊசிக்கு 2014 அக்டோபரிலும், பிரின்ஸ்டனில் போட்ட பெக்சீரோவுக்கு 2015 ஜனவரியிலும் உரிமம் கிடைத்தது. இப்போது இரண்டு கம்பெனி ஊசிகள் உள்ளன. ஒன்றில் தொடங்கினால் அதிலேயே முடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கணக்கில் சேராது. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை போட்டுக்கொள்ளலாம். விடுதி வாழ்க்கைக்குப் போகிற பதின்பருவத்தினர் வளாக மருத்துவரிடம் இதை அவர்களாகவே கேட்க வேண்டும். கேட்காமல் சொல்வது அபூர்வம்.

கோவிட் பக்கங்கள்தான் மிகப் பழையவை. ‘இரண்டு தவணை, ஒரு பூஸ்டர்’ என்ற 2022-ஆம் ஆண்டு வாசகம் சில வளாகங்களின் தளத்தில் இன்னும் கிடக்கிறது. 2023 இலையுதிர் காலத்திலிருந்து பூஸ்டர் என்ற பேச்சே போய், அந்தந்த ஆண்டுக்குப் புதுப்பித்த ஒரு தவணை என்றாகிவிட்டது. அமெரிக்காவுக்குள் நுழையக் கோவிட் ஊசிச் சான்று வேண்டும் என்ற விதி 2023 மே 12 அன்றே முடிந்தது. 2025 ஆகஸ்டில் புதிய ஊசிக்குக் கொடுத்த உரிமம், 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் வேறு உடல்நலக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. ஆஸ்துமா, நீரிழிவு போன்றவை உள்ள மாணவர்கள் வளாக மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். கோவின் சான்றிதழை அச்செடுத்து வைத்துக்கொள்வதில் நட்டமில்லை. கோவாக்சின் போட்டவர்களை 2021 கோடையில் பல பல்கலைக்கழகங்கள் வேறு ஊசியை முதலிலிருந்து போடச் சொல்லி அலைக்கழித்தன. 2021 நவம்பர் 3 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அதை ஏற்றபின் அந்தப் பிரச்சினை ஓய்ந்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நலத்துக்குக் கலிஃபோர்னியாவின் பட்டியல், தெளிவுக்கு நியூயார்க்கின் கணக்கு. இரண்டுக்கும் ஐந்துக்கு நான்கு. எந்த மாநிலத்துக்குப் போனாலும் கலிஃபோர்னியாவின் பட்டியலை வைத்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான வளாகங்களின் தேவை அதிலேயே அடங்கிவிடும்.

கடைசியாகச் சான்றை எழுதும் விதம். பழைய அட்டையைப் படமெடுத்து ஏற்றினால் படிப்பவருக்குப் புரியாது. பல்கலைக்கழகத்தின் படிவத்தையே அச்செடுத்து மருத்துவரிடம் கொடுங்கள். மாதத்தை எண்ணால் எழுத விடாதீர்கள்: 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அவர்களுக்கு மே 6, 28 நாள் இடைவெளி இதிலேயே குழம்பிப்போகும். மாதத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ‘பேபி ஆஃப் செல்வி’ அட்டையாக இருந்தால், அட்டையிலுள்ள குழந்தை இன்னார்தான் என்று மருத்துவர் ஒரு வரி எழுதி, கையெழுத்து, முத்திரை, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் மூன்றையும் போட்டுத் தர வேண்டும். ஊசிக் குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துப் படிவத்தின் பின்பக்கம் ஒட்டச் சொன்னால் பேட்ச் எண்ணும் பத்திரமாகிவிடும். அசல் தாள் கைப்பையில் இருக்கட்டும். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.